அந்தி மழையும் வௌவால் பூக்களும்: திருவனந்தபுரம் முதல் அகத்தியமலை வரை

வௌவாலை நம்பிப் பூக்கும் மரத்துக்குப் பகல் வெயில் ஒரு பொருட்டில்லை. காலை மழையும் பெரிய கவலை இல்லை. பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கிய பின் வரும் இரண்டு மூன்று மணி நேரம் எப்படி இருக்கிறது என்பதுதான் அதற்கு வானிலை. மொட்டு அவிழ்வதும் தேன் ஊறுவதும் பசித்த வௌவால் தங்கிடம் விட்டுக் கிளம்புவதும் அந்த நேரத்தில்தான். இத்தகைய பூக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆயுள் ஓரிரவு. விடியும்போது இதழ் தரையில் கிடக்கும். இரவு ஏழு மணிக்கு இடியோடு மழை கொட்டித் தீர்த்துவிட்டால், மறுநாள் வானம் வெளுத்து அந்தப் பூவுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இதைக் கண்ணால் பார்க்கத் திருவனந்தபுரத்தைவிட வாகான ஊர் தெற்கே குறைவு. கடற்கரையில் தொடங்கும் நிலம், மாவட்ட எல்லைக்குள்ளேயே 1868 மீட்டர் உயர அகத்தியமலையைத் தொட்டுவிடுகிறது. மழையும் இரண்டு தவணையாக வருகிறது. ஜூன் 1 வாக்கில் இறங்கும் தென்மேற்குப் பருவமழையை ஊரார் இடவப்பாதி என்கிறார்கள். ஐப்பசியில் வரும் வடகிழக்குப் பருவமழை துலாவர்ஷம். நகரில் ஆண்டு மழை சுமார் 1800 மி.மீ. கேரளத்து மாவட்டங்களில் தென்மேற்கு மழையைக் குறைவாகப் பெறுவது இதுதான். ஆனால் வௌவால் விஷயத்தில் மழையின் அளவைவிட மழை பெய்யும் நேரம்தான் வம்பு. இடவப்பாதி மழைக்கு நேரங்காலம் கிடையாது. விடிகாலையிலும் பெய்யும், நள்ளிரவிலும் பெய்யும். துலாவர்ஷமும் சித்திரை, வைகாசியின் கோடைமழையும் அப்படியல்ல. பகல் முழுதும் மலைச்சரிவில் சூடேறிய காற்று மேலே எழுந்து, பிற்பகலில் கருமேகமாகத் திரண்டு, பொழுது சாயும் வேளையில் இடியும் மின்னலுமாக இறங்கும். இந்த மாதங்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்னலுக்கு எச்சரிக்கையாக இருக்கும்படி கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மக்களுக்கு அறிவுறுத்துவது வழக்கம். இங்கே சூரியன் மறைவது ஆண்டு முழுதும் ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில். மின்னலுக்குப் பயந்து மனிதர் வீட்டுக்குள் ஒதுங்கும் நேரமும், வௌவால் வயிறு காய்ந்து வெளியே வரவேண்டிய நேரமும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன.

பயணத்தை வானாய்வகக் குன்றிலிருந்து தொடங்குவது பொருத்தம். சுவாதித் திருநாள் மன்னர் 1837இல் நிறுவிய வானாய்வகம் இங்குதான் இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் திருவனந்தபுரம் மையமும் இதே குன்றில்தான். மே 10க்குப் பிறகு, கேரளத்திலும் அதை ஒட்டியும் குறித்து வைத்த 14 நிலையங்களில் 60 விழுக்காட்டில் தொடர்ந்து இரண்டு நாள் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் மழை பதிவாகி, காற்றின் போக்கும் ஒத்துவந்தால்தான் பருவமழை தொடங்கியதாக அறிவிப்பார்கள். அந்த 14 நிலையங்களில் திருவனந்தபுரமும் ஒன்று. அறிவிப்பு வரும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும்: 2023இல் ஜூன் 8, 2025இல் மே 24. வானாய்வகத்தின் இயக்குநராக 1852இல் வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் ப்ரௌன் நகரத்துக் கருவிகளோடு நிற்கவில்லை. காந்தமானியையும் அழுத்தமானியையும் காட்டுவழியே சுமக்கவைத்து, அந்தப் பத்தாண்டிலேயே அகத்தியமலை உச்சியில் ஒரு கிளை ஆய்வகம் அமைத்தார். கீழே ஒரு வானிலை, மேலே வேறொரு வானிலை என்று ஒரே நேரத்தில் அளந்து பார்க்க முயன்றவர் அவர். வௌவால் பூக்களைத் தேடிச் செல்பவரின் வழியும் ஏறக்குறைய அதே வழிதான்.

இந்தப் பகுதியில் பூத்தேனைத் தேடி வருபவை பழந்தின்னி வௌவால்கள். பூச்சி பிடிக்கும் சிறு வௌவால்களுக்கு இதில் பங்கில்லை. முதலாவது, இறக்கை விரித்தால் ஒரு மீட்டரைத் தாண்டும் பெரிய பழந்தின்னி; ஆலமரத்திலும் மருதமரத்திலும் நூற்றுக்கணக்கில் தலைகீழாகத் தொங்குவது இதுதான். அடுத்தது, 40, 50 கிராம் எடையுள்ள குறுமூக்குப் பழந்தின்னி. மூன்றாவது ரூசெட்டஸ், குகை, பாழடைந்த கட்டடம், கிணறு எங்கு இருட்டு இருக்கிறதோ அங்கு இருக்கும். அமெரிக்கக் கண்டத்துத் தேன் வௌவால்கள் அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும். நம் ஊர் வௌவாலுக்கு அந்த வித்தை அவ்வளவாக வராது. பூவின் மேலோ காம்பின் மேலோ வந்து விழுந்து, நகத்தால் பற்றிக்கொண்டு, முகத்தை உள்ளே நுழைத்து நக்கும். அதனால் இங்குள்ள வௌவால் பூக்கள் தடித்தவை, காம்பும் முரட்டுத்தனமானது. நளினமான பூ என்று ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது. நிறமும் மங்கல்தான், வாடை மட்டும் தூக்கலாக இருக்கும்.

மழை வௌவாலை எப்படித் தடுக்கிறது? நனைந்த உடம்பின் கனம்தான் காரணம் என்று தோன்றும். ஜெர்மானிய உயிரியலாளர் கிறிஸ்டியன் ஃபோய்க்ட்டும் குழுவினரும் கோஸ்டாரிகாவில் சிறிய பழந்தின்னி ஒன்றை உலர்ந்த நிலையிலும் நனைந்த நிலையிலும் பறக்கவிட்டு, அது செலவிடும் ஆற்றலை அளந்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வின்படி, நனைந்த வௌவாலுக்குப் பறக்கும் செலவு இரண்டு மடங்காகிவிடுகிறது. பறத்தலே ஓய்வு நிலையைப்போலப் பத்து மடங்கு செலவு பிடிக்கும் வேலை. அது இருபது மடங்காகிறது. தண்ணீரின் கனத்தை மட்டும் வைத்து இந்த ஏற்றத்தை விளக்க முடியவில்லை. ஈர ரோமத்தின் வழியே உடல் சூடு வெளியேறுவதும், ரோமம் ஒட்டிப்போய் உடலைச் சுற்றி ஓடும் காற்று சீர்கெடுவதும் சேர்ந்துதான் காரணம் என்று அவர்கள் கருதினார்கள். பழந்தின்னிக்குக் கொழுப்புச் சேமிப்பு குறைவு. அன்றன்றைய தேனும் பழமும் அன்றன்றைய பறத்தலுக்கு. ஒரு மரத்துத் தேனைக் குடித்துக் கிடைப்பதைவிட அங்கு போய்வரும் செலவு கூடிவிட்டால், கிளையிலேயே இறக்கையைப் போர்த்திக்கொண்டு காத்திருப்பதே லாபம். மழை விட்டதும் கிளம்பும். ஒன்பது மணிக்கு மேல் விட்டால் முக்கியமான நேரம் போயிற்று.

குறுமூக்குப் பழந்தின்னிக்கு இன்னொரு ஏற்பாடு உண்டு. ஆண் வௌவால் கூந்தற்பனையின் குலையிலோ நெட்டிலிங்கத்தின் இலைக்கொத்திலோ, கொடிகள் திரையாகத் தொங்கும் இடத்திலோ உள்பக்கத் தண்டுகளைக் கடித்து நீக்கி, மேலே மூடியும் கீழே திறந்தும் இருக்கும் ஒரு குடில் செய்துகொள்ளும். பாளையங்கோட்டையில் இந்தக் குடில்களை ஆராய்ந்து 1995இல் எழுதியிருக்கிறார்கள். அகத்தியமலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர் என்பதால் இங்கே அதைச் சொல்லிவிட வேண்டும். பெண்களைச் சேர்த்துக் குடித்தனம் நடத்துவதுதான் குடிலின் முதல் பயன். வெயில், மழையிலிருந்து ஒதுங்கக் கிடைப்பது கூடுதல் வசதி.

மழை பூவையும் சும்மா விடுவதில்லை. இந்த வௌவால்கள் பூவைத் தேடுவது மோப்பத்தாலும் கண்ணாலும்தான். எதிரொலி வைத்து வழி அறியும் திறமை ரூசெட்டஸுக்கு மட்டும் ஓரளவு உண்டு. அதுவும் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலியால், இருட்டுக் குகைக்குள் இடிக்காமல் போவதற்காக. காற்றில் மிதந்து வரும் புளித்த வாடையை மழை கழுவிவிட்டால் பூ இருக்குமிடம் தெரியாது. வௌவால் பூக்களின் தேன் ஏற்கெனவே நீர்த்தது. சர்க்கரை பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்காது. அதில் மழைநீரும் கலந்தால் குடிப்பதற்கு மதிப்பில்லை. ஈரம்பட்ட மகரந்தம் கட்டிதட்டும். பல செடிகளில் மகரந்தத்தூள் நீரை உறிஞ்சி வெடித்தே போகும். இதற்கு நேரெதிராக, ஈரப்பதம் குறைந்த மாசி மாத இரவில் தேனிலிருந்து நீர் ஆவியாகி இனிப்பு கூடும், அளவு சுருங்கும். காற்று கொஞ்சம் வீசினால் வாடையைத் தூரம் கொண்டுசெல்லும், மிஞ்சினால் சிதறடித்துவிடும்.

மேகத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது நிலவை மறைப்பது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சிங்காரவேலனும் மாரிமுத்துவும் ஒரு பழத்தோட்டத்தில் பழந்தின்னிகளின் வரவைக் கணக்கெடுத்து 2002இல் வெளியிட்ட முடிவு சுவையானது. நிலவு காயும்போது வரவு குறைந்தது. சந்திர கிரகணம் பிடித்ததும் கூடியது. ஆந்தை முதலான எதிரிகளின் கண்ணில் படாமல் இருக்கவே இந்தப் பதுங்கல் என்பது பொதுவான விளக்கம். ஆகவே மழையில்லாமல் மேகம் மட்டும் மூடிய பௌர்ணமி இரவு, வௌவாலுக்கும் அதை நம்பிய பூவுக்கும் நல்ல இரவு. வானிலை என்றால் மழை ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வது நம் பழக்கம்.

நகரைவிட்டு நெடுமங்காடு சாலையில் ஏறினால், தை, மாசியில் ரப்பர் தோட்டங்களுக்கும் வீட்டுப் புரையிடங்களுக்கும் நடுவே இலையே இல்லாமல் நிற்கும் இலவம்பஞ்சு மரங்கள் கண்ணில்படும். ரப்பரும் அப்போது இலை உதிர்த்திருக்கும். ஆனால் இலவத்தின் கிளைகள் தண்டிலிருந்து கிடைமட்டமாக, அடுக்கடுக்காக நீண்டிருப்பதால் தூரத்திலேயே தெரிந்துவிடும். பூ கொத்தாக வரும். ஐந்து இதழ், பாலாடை நிறம். வெளிப்புறம் பட்டுப்போன்ற ரோமம். ஐந்து மகரந்தத் தாள்களும் அவற்றைத் தாண்டி நீளும் சூல்தண்டும் வெளியே துருத்தியிருக்கும். இருட்டியதும் பூ விரிகிறது. வௌவால் ஒரு கொத்தின் மேல் வந்து விழுந்ததும் கொத்து முழுதும் குலுங்கும். அது ஒவ்வொரு பூவாக முகத்தை நுழைத்து எடுக்கும்போது நெற்றியிலும் கழுத்திலும் மார்பிலும் மஞ்சள் தூள் அப்பிக்கொள்ளும். சில நொடியில் அடுத்த கொத்து, பிறகு அடுத்த மரம். களைப்பாறும்போது ரோமத்தை நக்கித் துடைத்து அந்தத் தூளையும் விழுங்கிவிடும். தேனில் இல்லாத புரதம் அதில்தான் கிடைக்கிறது. நக்குவதற்கு முன் அடுத்த மரத்துப் பூவில் ஒட்டியதுதான் மரத்துக்கு மிச்சம். இலவ மரத்துக்கு மேலே சொன்ன மூன்று வௌவால்களுமே வருவதை மதுரை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இலை இல்லாத காலத்தில் பூப்பது வௌவாலுக்கு வசதி; இறக்கை தட்டாமல் நுழையலாம், வாடையும் தடையின்றிப் பரவும். மழை இல்லாத காலத்தில் பூப்பது மரத்துக்கு வசதி. துலாவர்ஷம் ஓய்ந்து கோடைமழை தொடங்கும்வரை கிடைக்கும் இரண்டரை மூன்று மாத இடைவெளியில், சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கான பூக்களை ஒரேயடியாக விரித்துக் கணக்கை முடித்துவிடுகிறது இலவம். இலுப்பையும் இந்த வறண்ட பருவத்தை ஒட்டிப் பூப்பதுதான்; அதன் சதைப்பற்றான இதழ்க்குழலை வௌவால் தின்றேவிடும். இது துணிச்சலான ஏற்பாடு. அந்த இடைவெளி பொய்க்காதவரை நல்ல விளைச்சல். பொய்த்தால் அந்த ஆண்டு பெரும்பங்கு போச்சு. 2021 ஜனவரியில் கேரளத்தில் வழக்கமான அளவைப் பல மடங்கு மிஞ்சி மழை பெய்தது. அதே மாதம் தமிழகத்தில் அறுவடைக்கு நின்ற நெல் வயலிலேயே சாய்ந்தது பலருக்கும் நினைவிருக்கும். நெல்லுக்கு நேர்ந்தது செய்தியானது. பூவுக்கு நேர்ந்ததை யாரும் எண்ணவில்லை. இலவத்துக்கு ஓரளவு தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் வழியும் இருக்கிறது. ஆனால் அப்படி விளையும் விதையில் புதுக் கலப்பு இராது.

நெடுமங்காட்டிலிருந்து செங்கோட்டைச் சாலையில் போனால் பாலோடு. 1979இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சுமார் 300 ஏக்கரில் பரந்திருக்கிறது. பாலோட்டைச் சுற்றியுள்ள காட்டோரங்களில் கவனித்துப் பார்க்கவேண்டிய மரம் பலகப்பய்யானி. தாவரவியலில் ஒராக்சிலம் இண்டிகம். ஆயுர்வேதத்தின் தசமூலப் பத்து வேர்களில் ஒன்று. கத்தியுறை போலத் தட்டையாக ஒரு முழத்துக்கு மேல் நீண்டு தொங்கும் காய்களால் இதை யாரும் அடையாளம் கண்டுகொள்ளலாம். பூங்கொத்தின் தண்டு இலைக்கூட்டத்துக்கு மேலே தனியாக உயர்ந்து நிற்கும். பூ தடித்தது, வெளியே கருஞ்சிவப்பு, உள்ளே வெளிறிய மஞ்சள், சுருக்கம் விழுந்த விளிம்பு. வாடை யாருக்கும் பிடிக்காது. இரவில் விரிந்து விடியுமுன் உதிர்ந்துவிடும். வௌவால் வந்து பற்றிய எடையில் பூ சாயும்போதுதான் அடியில் தேங்கிய தேன் அதன் நாக்குக்கு எட்டுகிறது என்று மலேசியாவில் 1970களில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது.

இந்த மரம் பூப்பது நல்ல மழைக்காலத்தில். இலவம் தவிர்க்கும் பருவத்தையே இது தேர்ந்தெடுத்திருக்கிறது. ஆனால் பூக்கும் விதம் வேறு. ஒரு தண்டில் ஓரிரவுக்கு ஒன்றிரண்டு பூ, மிஞ்சினால் மூன்று நான்கு. அப்படியே வாரக்கணக்கில், மாதக்கணக்கில். மழை கொட்டிய இரவில் விரிந்த பூக்கள் வீண். ஆனால் நட்டம் அந்த இரண்டோடு போகும். மழைவிட்ட இரவு ஒன்று எப்படியும் வரும், அன்றைக்கு விரிய மொட்டு தயாராக இருக்கும். தேன் நிச்சயம் உண்டு என்று தெரிந்த வௌவால் ஒரே மரத்துக்கு நாள்தோறும் ஒரே தடத்தில் வந்துபோகும். வறண்ட பருவத்தில் மொத்தமாகவும் மழைப்பருவத்தில் தவணையாகவும் பூக்கும் இந்த இரண்டு உத்திகளும்தான் இந்த மலையடிவாரத்தில் வானிலைக்கு மரங்கள் கண்டுபிடித்த விடை. எல்லா மரத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. இந்த இரண்டு மரங்களில் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

பலகப்பய்யானி மரத்தடியில் விடிகாலையில் போய் நிற்கும் பயணிக்கு ஒரு வசதி இருக்கிறது. உதிர்ந்த பூக்களைப் பொறுக்கிப் புரட்டிப் பார்த்தால் போதும். இரவில் வௌவால் வந்திருந்தால் தடித்த இதழில் நகக்கீறல்கள் பதிந்திருக்கும். நேரம் ஆக ஆகக் கீறல் கறுத்துத் துலக்கமாகும். கீறலே இல்லாத முழுப்பூ கிடந்தால், அந்தப் பூவுக்கு விருந்தாளி வரவில்லை. ஜாவாவில் வௌவால் பூக்களை ஆராய்ந்த டச்சுக்காரர் வான் டெர் பெய்ல், 1930களிலேயே இந்த நகக்குறிகளைச் சான்றாகக் கொண்டார். முந்தின இரவு மழை எத்தனை மணிக்குப் பெய்தது என்று ஊராரிடம் கேட்டுவிட்டுப் பூக்களை எண்ணினால், எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு சின்ன ஆய்வே செய்துவிடலாம். நகரங்களில் சாலையோரம் வைத்திருக்கும் ஆப்பிரிக்க யானைப்பிடுக்கு மரத்தடியிலும் இதே சோதனை பலிக்கும்.

ஐப்பசி, கார்த்திகையின் அந்தி இடிமழைக் காலத்தில் காட்டில் வௌவால் பூக்கள் குறைவு. அப்போது தேன் தருவது வாழைத்தோட்டம். திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே நேந்திரனும் மட்டியும் இல்லாத இடமே இல்லை. தொங்கும் வாழைப்பூவில் ஒரு மடல் பின்னுக்குச் சுருண்டு மேலெழும்போது, அதன் அடியில் ஒரு வரிசைப் பூக்கள் வெளிப்படும். மடல் குடை பிடித்ததுபோல் அந்த வரிசைக்கு மேலேயே நிற்பதால், நேர்மழையில் பூக்களுக்குள் நீர் அவ்வளவாக இறங்குவதில்லை. இரவில் வந்து மடலைப் பற்றித் தொங்கும் குறுமூக்கன் வரிசையில் உள்ள பூக்களை ஒவ்வொன்றாக நக்கிவிட்டுப் போகும். நட்டு வளர்க்கும் வாழையில் விதை கிடையாது; வௌவால் சுமக்கும் மகரந்தத்தால் விவசாயிக்கு ஒரு காய்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. ஆனால் இலவமும் மலைக்காட்டு வெடிப்பலாவும் பூக்கும்வரை வௌவாலை உயிரோடு வைத்திருப்பதில் வாழைத்தோட்டத்துக்குப் பங்கு இருக்கிறது. பழம் கடித்த குற்றத்துக்கு வலைகட்டுபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கலாம்.

விதுரா தாண்டிக் கல்லாற்றங்கரையிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. 1100 மீட்டர் உயரத்தில் கடற்கரையைவிட ஆறேழு டிகிரி குளிர்ச்சி. இங்கே மழையைவிட மூடுபனி முக்கியம். பொழுது சாயும்போது பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் பனிப்படலம் சில நாள் பத்தடி தள்ளி நிற்பவரைக்கூட மறைத்துவிடும். துளியாக விழாவிட்டாலும் ரோமத்தில் படியும் ஈரம் ஈரம்தான். குளிரும் சேர்ந்தால் 40 கிராம் உடம்புக்குச் சூட்டைக் காப்பதே தனிச் செலவு. பாறைச் சரிவுகளில் தனித்தனியாக நிற்கும் காட்டுவாழை, என்செட் சூப்பர்பம், கோடையில் இலையெல்லாம் காய்ந்து அடித்தண்டாகக் கிடந்துவிட்டு மழை வந்ததும் தழைப்பது. அதன் தடித்த பூத்தாற்றுக்கும் இரவில் வருவது வௌவால்தான்.

பொன்முடிக்குத் தெற்கே போணக்காடு. பழைய தேயிலைத் தோட்டம் இருந்த இடம். அகத்தியமலை ஏறுபவர்கள் இங்கிருந்துதான் அதிருமலை முகாமுக்கு நடக்கத் தொடங்குகிறார்கள். வனத்துறை அனுமதி கொடுப்பது பெரும்பாலும் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய. வழி காட்டுபவர்கள் மலைப் பழங்குடியினரான காணிக்காரர்கள். ஆளுக்கு வசதியான வறண்ட வாரங்கள் என்பதால் வைத்த காலம் அது. வௌவால் பூக்களுக்கும் அதுவே காலமாக அமைந்துவிட்டது. 700 மீட்டருக்கு மேல் பசுமைமாறாக் காட்டில் வெடிப்பலா மிகுதி. முள்ளுமுள்ளான காயைப் பார்த்தாலே தென்கிழக்கு ஆசியாவின் தூரியானுக்கு உறவு என்று தெரியும்; தூரியானும் வௌவாலை நம்பிய மரம்தான். வெடிப்பலாப் பூவுக்கு இதழ் கிடையாது. சதைப்பற்றான மங்கல் நிறக் குழல்கள், இலை உதிர்ந்த பழைய கிளைகளில் கொத்துக்கொத்தாக அப்பியிருக்கும்.

இந்த மரத்தை நன்றாக ஆராய்ந்தது மலைமுகட்டுக்குக் கிழக்கே, களக்காடு முண்டந்துறையின் காக்காச்சியில். தி. கணேஷ், சௌபத்ரா தேவி, பிரியா தாவிதார் ஆகியோர் 1990களில் அங்கு மரங்களின் மகரந்தச் சேர்க்கையைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். ஆண்டுக்கு 3000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் இடம். இரண்டு பருவமழையும் எட்டும். அந்தக் காட்டில் பெரும்பாலான மர இனங்கள் பூச்சிகளை நம்பியவை. பாலூட்டிகளை நம்பியவை மிகச் சில. ஆனால் அந்தச் சிலவற்றில் ஒன்றான வெடிப்பலா, காட்டின் முதன்மை மரங்களுள் ஒன்று. மழை ஓரளவு ஓய்ந்த மாசி, பங்குனியை ஒட்டி அது பூக்கிறது. எல்லா ஆண்டும் ஒரே அளவில் பூப்பதில்லை. பகலில் சோலைமந்தியும் கருமந்தியும் மலை அணிலும் பூவைத் தின்று குவிக்கின்றன. மற்ற தீனி குறைந்த மாதங்களில் சோலைமந்திக்கு இந்தப் பூதான் கதி. இரவில் மரநாயும் வௌவால்களும் தேன் நக்க வருகின்றன. வௌவால் பூவை அழிப்பதில்லை, தூரத்து மரத்துக்கும் போகிறது. மந்தி ஒரு மரத்திலேயே உட்கார்ந்து தின்கிறது. மழையால் இரவு வரவு நின்றுபோன நாளில் மறுநாள் பகலில் மந்திக்கு விருந்து, மரத்துக்கு நட்டம்.

இதே மலைத்தொடரில் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பழந்தின்னி வாழ்கிறது. 1948இல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் பிடித்த ஒரு மாதிரியை, குறுமூக்கன் என்று எண்ணி அருங்காட்சியகத்தில் போட்டுவைத்திருந்தார்கள். தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அது தனி இனம் என்று கண்டு 1972இல் சாலிம் அலி பெயரைச் சூட்டினார். பிற்காலத்தில் களக்காடு பகுதியிலும் அது பதிவாகியிருக்கிறது.

வெப்பம் வேறு வகையில் தாக்கும். குகையிலும் கிணற்றிலும் தங்கும் ரூசெட்டஸுக்குக் கவலை குறைவு. மரக்கிளையில் வெட்டவெளியில் தொங்கும் பெரிய பழந்தின்னிக்குத்தான் ஆபத்து. சூடு ஏறினால் இறக்கையால் விசிறும், எச்சிலால் ரோமத்தை நனைத்துக்கொள்ளும், குளத்தில் தாழப் பறந்து வயிற்றை நனைத்து வரும். 42 டிகிரியைத் தாண்டினால் இந்த உபாயங்கள் கைகொடுப்பதில்லை. 2002 ஜனவரி 12 அன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஒரே நாளில் 3500க்கும் மேற்பட்ட பழந்தின்னிகள் மடிந்தன. 2020 மே மாதம் உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர் அருகே கூட்டமாக இறந்தவற்றுக்கும் வெப்பமே காரணம் என்று தெரியவந்தது. கடற்காற்று வீசும் திருவனந்தபுரத்தில் வெப்பமானி 40ஐத் தொடுவது அரிது என்பதால் இந்த அபாயம் இங்கே குறைவுதான்.

மலையிலிருந்து இறங்கிக் காயலோரம் வந்தால், கொல்லத்து அஷ்டமுடியிலும் அதற்கு வடக்கேயும் சக்கரக்கண்டல் என்னும் அலையாத்தி மரம். சொன்னரேஷியா வகையைச் சேர்ந்தது. அந்தியில் தூரிகையாய் விரியும் நூற்றுக்கணக்கான மகரந்தத் தாள்கள் விடிகாலையில் நீரில் உதிர்ந்து மிதக்கும். மலேசியாவின் பத்துமலைக் குகையில் தங்கும் தேன் வௌவால்கள், இந்த வகைப் பூக்களுக்காக ஏறத்தாழ 40 கி.மீ. தூரக் கடற்கரைவரை பறந்துபோய்வருவதை 1976இல் எழுதியிருக்கிறார்கள். முருகனைக் காணப் படியேறும் தமிழர்களில் பலருக்குத் தலைக்கு மேலே தொங்குபவற்றின் இந்த இரவுப் பயணம் தெரிந்திருக்காது. அவ்வளவு தூரம் பறக்கும் வௌவாலுக்கு நடுவழியில் பிடிக்கும் மழை எவ்வளவு பெரிய செலவு என்பதை ஃபோய்க்ட்டின் கணக்கை வைத்து ஊகிக்கலாம்.

வௌவாலுக்கு ஆபத்து வானிலையால் மட்டுமல்ல. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் பரவியதிலிருந்து கேரளத்தில் வௌவால் என்றாலே பயம். திருவனந்தபுரத்தை அடுத்த தோன்னைக்கலில் வைரஸ் ஆய்வு நிறுவனம் ஒன்றும் எழுந்தது. வௌவால் தங்கும் மரத்தை வெட்டுவதும் பட்டாசு போட்டு விரட்டுவதும் அவற்றைப் பதற்றத்துக்கு உள்ளாக்கிக் கிருமி வெளியேறுவதைக் கூட்டவே செய்யும் என்று துறை வல்லுநர்கள் எச்சரிக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னிகளை எலி, காகத்தோடு சேர்த்துத் தொல்லை உயிர்களின் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கியது; அது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

மறுபடி வானிலைக்கு வந்தால், தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் காற்று, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவது. அந்தக் காற்றில் பூங்கொத்தைப் பற்றி நிற்பதே சிரமம். புயல் என்றால் இழப்பு ஓரிரவோடு முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கரையோரத்தைத் தாக்கியபோது வாழையும் ரப்பரும் ஏக்கர் கணக்கில் சாய்ந்தன. பசிபிக் தீவான சமோவாவில் 1990இல் ஒரு புயலும் 1991இல் இன்னொன்றும் அடித்த பிறகு, அங்கிருந்த ஒரு பழந்தின்னி இனத்தில் பெரும்பகுதி அழிந்துபோனது. காற்று நேரடியாகக் கொன்றது குறைவு. பூவும் பழமும் உதிர்ந்த காட்டில் தீனியின்றி ஊருக்குள் இறங்கிய வௌவால்கள் மனிதர் கையிலும் நாய் பூனை வாயிலும் மாண்டதுதான் அதிகம். ஒக்கி சாய்த்த குமரித் தோட்டங்களில் வாழையை மறுபடி நட்டவர்களுக்கு ஓராண்டுக்குள் பூ வந்துவிட்டிருக்கும். அதே காற்றில் விழுந்த இலவத்துக்குப் பதில் ஒரு கன்று வைத்தால், அது முதல் பூ பூக்க நாலைந்து ஆண்டாவது ஆகும்.